மாமாவின் கடைசி நாவலில் பதினேழு பிழைகள்

மார்ச் 3, செவ்வாய், காலை 7.40. பிழைகள்: பதினேழு.
மாமா நாற்பது துப்பறியும் நாவல் எழுதியவர். கடைசியாக வந்தது யாரும் படிக்காத ஒன்று. கணவன் கேஸ் வாட்டர் ஹீட்டரை வைத்து மனைவியைக் கொல்கிறான். எல்லோரும் விபத்து என்று நம்புகிறார்கள். ஹீட்டர் பழுது பார்ப்பதே தொழிலான எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் எழுதியபடி செய்தால் ஹீட்டர் அணைந்துபோகும், மனைவி சளியோடு பிழைத்துக்கொள்வாள். எல்லாவற்றையும் திருத்தி மாமாவுக்கு நான்கு பக்கம் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 6
மாமா போனில்: “மாப்ள, நீ சொன்னதுதான் சரி. ரெண்டாம் பதிப்புல மாத்திடறேன். ஆமா, அந்த விஷவாயுவுக்கு வாசனையே வராதா?”
வராது என்றேன்.
“தலைவலி?”
வரும்.
“எத்தனை நாளைக்கு?”
நாவலுக்கு எதற்கு இவ்வளவு துல்லியம்? இருந்தாலும் சொன்னேன். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

மார்ச் 15
எட்டு வீட்டில் ஹீட்டர் வேலை. முதுகு போச்சு.

மார்ச் 19
இரண்டாம் பதிப்புக்கு ஒரு படம் வரைந்து தரட்டுமா என்று பதிப்பாளரைக் கேட்டேன். சிரித்தார்.
“தம்பி, முதல் பதிப்பே கட்டுப் பிரிக்காம கிடக்கு. ரெண்டாவது கிடையாதுன்னு மாமாகிட்ட ஜனவரியிலயே சொல்லிட்டேனே.”
ஜனவரியிலா? அப்புறம் எதற்காக என்னைக் கேட்டார்?

மார்ச் 20
அத்தையிடம் போனில் பேசினேன். அவள் பேச்சு குழறியது.
“ஒண்ணுமில்லடா, குளிச்சுட்டு வந்தா தலை வெடிக்குது. வயசாச்சில்ல? மாமாதான் பாவம், ஹீட்டரைக்கூட அவரே போட்டு விடறார்.”
முப்பது வருஷத்தில் ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுத்த ஆளா அவர்?
ஹீட்டர் பழுது, நான் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று கத்திவிட்டு வைத்தேன். என்னடா பண்ணி வெச்சிருக்கே நீ?

மார்ச் 21, காலை 11.10
மாமா வெளியே போயிருந்தார். அத்தையை வாசலில் நிறுத்திவிட்டு ஹீட்டரை இரண்டே நிமிடம் ஓடவிட்டு விஷவாயுவை அளந்தேன். கருவி அலறியது. புகைக்குழாய் — நான் எழுதிக் கொடுத்த மாதிரியே. இம்மி பிசகவில்லை. நாற்பது நாவலில் இந்த மனிதர் இவ்வளவு கவனமாக இருந்ததே இல்லை.
கிளம்பு என்றால், “மாமாவுக்குச் சாப்பாடு மூடி வெச்சுட்டு வந்துடறேன்” என்கிறாள்.

இனி:
1. சாப்பாடு கிடக்கட்டும். அத்தையை இப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது. இரத்தப் பரிசோதனை.
2. கருவியில் பதிவானதை அழியாமல் நகல் எடுப்பது.
3. போலீஸ். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்வது.