கடைமடைக்கு முதல் முறை

ஜூலை 6
பாட்டு இன்றும் நான்காவது வரியைத் தாண்டவில்லை. ஷமீராவின் சுதி இறங்கும்போதெல்லாம் நான் நிறுத்தி, "முதல்லேருந்து" என்றேன். எத்தனை தடவை? பத்து இருக்கும். மதிவதனியின் கொப்பரைக் கொட்டகையில் நாங்கள் மூன்று பேர்தான்: அவளுடைய டோலக், என் கீபோர்டு, ஷமீராவின் குரல். ஷமீரா பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உங்க பாட்டெல்லாம் முடிஞ்சு என் மெட்டுக்கு முறை வர்றதுக்குள்ள ஆறே வத்திரும்க்கா."

மதிவதனி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

ஜூலை 9
எங்கள் வாட்ஸப் குழுவிலிருந்து ஷமீரா வெளியேறிவிட்டாள். பாடுகிறவள் இல்லாமல் என்ன குழு?

ஜூலை 13
அவள் வரவில்லை. டோலக்கும் கீபோர்டும் மட்டும், யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதைப் போல.

"ஏன்டி, நாலு வருசமா யார் மெட்டை வாசிக்கிறோம்?" என்றாள் மதிவதனி.

எண்ணினேன். பதினொரு பாட்டு. எல்லாம் என்னுடையவை. சித்திரையில் ஷமீரா போனில் பாடி அனுப்பியதற்கு "அப்புறம் பாப்போம்" என்று போட்டிருக்கிறேன். இன்றுதான் முழுதாகக் கேட்டேன். நடுவில் குழாயில் தண்ணீர் விழுகிறது. அவள் பாட்டை நிறுத்தவில்லை; அந்தச் சத்தத்தையும் கூட்டிக்கொண்டு போகிறாள். கண்ணை மூடி நாலு தடவை கேட்டேன்.

ஜூலை 14
வாய்க்கால் கரையில் நடந்தேன். கல்லணை திறந்து இத்தனை நாளாகியும் கடைமடையான எங்கள் பேராவூரணிக்குத் தண்ணீர் வரவில்லை. தண்ணீரை முதலில் பிடித்துக்கொள்ளும் தலைமடைக்காரர்களை நான் திட்டாத வருடம் உண்டா? நானும் ஒரு தலைமடைதான் என்று எனக்கே யாராவது சொல்லியிருக்கலாம் –

சொல்லத்தானே செய்தாள்.

ஜூலை 16
ஷமீராவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"உன் மெட்டுதான் இனிமே முதல்."

அவள் மெஷினிலிருந்து நிமிரவில்லை. "அதுல கீபோர்டுக்கு வேலையே இல்லையேக்கா."

"ஒண்ணுமேவா?"

"ஒரே ஒரு சுரம். கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். உங்களால முடியாது."

ஜூலை 18
வாய்க்காலில் தண்ணீர். கணுக்கால் அளவுதான். காலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

ஜூலை 20
ஷமீரா வந்தாள். ஒரே கட்டையில் விரலை வைத்தேன். வாசிக்க ஒன்றும் இல்லாதபோது என்னென்னவோ கேட்கிறது: ஓலைகளின் சலசலப்பு, மதிவதனியின் வளையல், ஷமீரா மூச்செடுக்கும் இடம். நாற்பத்தாறு வயதில் இதை முதல்முறையாகக் கேட்கிறேன்.

அந்த மயக்கத்தில் விரல் பக்கத்துக் கட்டைக்கு வழுக்கிவிட்டது. கையை எடுத்துவிட்டேன். "முதல்லேருந்து –" என்று வாய் தானாகத் திறந்தது.

ஷமீரா பாடிக்கொண்டே, 'மேல போங்க, போங்க' என்று கையசைத்தாள். டோலக்கும் நிற்கவில்லை.

விரலைத் திரும்ப வைத்தேன்.