திரையை அணைத்துப் பார்க்கவில்லை

ஜனவரி 8

கண் மருத்துவர் இன்றும் மழுப்பவில்லை. நடுப்பார்வை முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்கு ஆறு மாதம், மிஞ்சினால் எட்டு. "கம்ப்யூட்டர் வாசிச்சுக் காட்டுறதக் கேட்டு வேலை செய்ய இப்பவே பழகிடுங்கம்மா. பார்வை கொஞ்சம் இருக்கறப்போ கத்துக்கிட்டா சுலபம்" என்றார். திரும்பும்போது என் வீட்டுக்காரர், இவர், என் கையைப் பிடித்துக்கொண்டே படி இறக்கினார். படி எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் உதறவில்லை.

பத்தொன்பது வருஷமாக ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்காக வீட்டிலிருந்தே, மிக்ஸிக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் வருகிற கையேடுகளைத் தமிழாக்கித் தருகிறேன். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்பதை நூறு விதமாக எழுதியிருப்பேன். பெரிய இலக்கியம் இல்லைதான். என் வேலை. அதை விட மாட்டேன்.

ஜனவரி 12

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் நாள் முடிந்துவிட்டது. அதிலிருக்கும் பழைய விண்டோஸுக்கு இனி பாதுகாப்புத் திருத்தம் வராது, மாற்றியே ஆக வேண்டும். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் என் தம்பி விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடச் சொல்கிறான்.

"இது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லக்கா. ஒண்ணு ஒத்து வரலைன்னா உள்ள பிரிச்சு மாத்திக்கலாம்."

இவர் ஓய்வு பெறும்வரை வீடு வீடாக மின்மீட்டர் கணக்கெடுத்தவர். ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும், தீர்ப்பு வந்துவிடும். "ஆபீஸ்ல என்ன இருக்கோ அதையே வாங்கு. ஓசியில வர்றதுக்கு யாரு பொறுப்பு?"

தம்பி வழக்கமான அரை மணி நேரப் பிரசங்கம்கூட இல்லாமல் கிளம்பிவிட்டான்.

ஜனவரி 15

தம்பி கடையில் இரண்டையும் பார்த்தோம். லினக்ஸில் வாசித்துக் காட்டும் குரல் ஜலதோஷம் பிடித்த ஆள் பேசுகிற மாதிரி. ஆனால் எங்கே போனாலும் கூடவே பேசிக்கொண்டு வந்தது. விண்டோஸின் குரல் இனிமை. அலுவலகத்தின் மொழிபெயர்ப்பு மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும். திறந்து பார்த்தோம், மூன்று பேரும் திரையில் மூக்கை வைத்துக்கொண்டு. பளிச்சென்று திறந்தது. ஜாடிக்கேற்ற மூடி என்று இவர் சிரித்தார்.

இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன? விசைகள் வேறு வேறு. இரண்டையும் விரலில் ஏற்ற எனக்கு நாள் இல்லை.

ஜனவரி 16

விண்டோஸ். தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். "சரிக்கா" என்றான். அவ்வளவுதான்.

பிப்ரவரி 20

விரல் பழகிவிட்டது. செய்தி, கடிதம், இந்த நாட்குறிப்பு எல்லாம் காதால்தான். அலுவலக வேலையை மட்டும் எழுத்தைப் பெரிதாக்கிக் கண்ணாலேயே பார்க்கிறேன். இருக்கிறவரை இருக்கட்டும்.

ஏப்ரல் 27

மருத்துவர் சொன்ன கணக்குக்கு முன்பே வந்துவிட்டது. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கியும் பிடிபடவில்லை. சரி, இதற்காகத்தானே பழகினோம் என்று திரையை அணைத்துவிட்டு அலுவலக மென்பொருளைத் திறந்தேன்.

"பட்டன்" என்றது. அடுத்தது? "பட்டன்." அதற்கடுத்தது? "பட்டன்." கையேட்டின் வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மூச்சுகூட விடவில்லை.

யாராவது ஒருத்தர் — ஒரே ஒரு தடவை — திரையை அணைச்சுப் பாத்திருக்கக் கூடாதா? காதுக்கு வாங்குற பொருளக் கண்ணால சோதிச்சோமே. அவங்க ரெண்டு பேரும் சரி. நானுமா? போகப்போறது என் கண்ணுதானே, எனக்கு எங்க போச்சு புத்தி? மூணு மாசத்துப் பார்வைய இதுல கொண்டுபோய்க் கொட்டினேனே.

மே 1

தம்பி இரண்டு நாள் போராடினான். "பூட்டி வச்சிருக்காங்கக்கா. உள்ள கை வைக்க முடியாது." லினக்ஸ் போட்டிருந்தால் இந்த மென்பொருள் திறந்தே இருக்காது, அதுவும் உண்மை. நான் அப்பவே சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மே 3

அலுவலக மேலாளரம்மாவிடம் பேசினேன். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'திரையில் பார்த்துச் சரிபார்த்தேன்' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். "பாக்காம எப்படிம்மா நீங்க போடுவீங்க? வேலைய வீட்ல கண்ணு தெரியறவங்க பேருக்கு மாத்திக்கோங்களேன்." நல்ல மனுஷிதான். இரக்கம்தான் தாங்க முடியவில்லை.

மே 6

இவர் பேருக்கு மாற்றியாயிற்று. அவர் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார், நான் தமிழில் சொல்கிறேன், ஒற்றை விரலால் தட்டுகிறார். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். அலுத்துக்கொள்வதே இல்லை. அதனால் எனக்கும் கோபப்பட வழியில்லை.

மே 7

ஒன்பது பக்கம் பாக்கி. அழுதேன். குளியலறையில்.

ஜூன் 2

தம்பியைக் கெஞ்சி டிஸ்க்கின் ஓரத்தில் லினக்ஸ் போட்டுக்கொண்டேன். கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். புது விசைகள் தட்டுத் தடுமாறித்தான் வருகின்றன. பரவாயில்லை, விண்டோஸ் பக்கத்தில் எப்போதும் இவர் இருக்கிறார். நாட்குறிப்பு இனி இங்கே.

ஜூலை 19

வாட்டர் ஹீட்டர் கையேடு முடிந்தது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் போன் செய்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்க தமிழ் ரொம்ப நல்லா இருக்கு. குழந்தைக்குச் சொல்ற மாதிரி தெளிவா இருக்கு. அடுத்ததையும் நீங்களே பண்ணுங்க."

"ரொம்ப நன்றிங்க" என்றார் இவர்.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவர்கள் தேதி பேசி முடித்தார்கள்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கேட்டியா, நம்ம தமிழைப் பாராட்டறாங்க" என்றார். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்.

கேட்டேன் என்றேன்.