சிவப்புத் தொட்டியும் பத்தாம் இடமும்

மார்ச் 6, வெள்ளி

வெயில் இப்போதே கொளுத்துகிறது. ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் செங்கல்பட்டு. ஞாயிறு மாமல்லபுரம் ரிசார்ட்டில் போக்கர் போட்டி. காசு கிடையாது, கோப்பை மட்டும். எடுக்க: தொப்பி, தலைவலி மாத்திரை, சால்வை (ஏ.சி. அதிகம்).

பஸ்ஸில் கூட வேலை செய்யும் குமார் இன்றும் விடவில்லை. "இன்னா பத்து, இந்த வாட்டியாவது ஒம்போதுக்குள்ள வருவியா?"

போன வருடப் போட்டியில் கடைசியில் பத்து பேர் மிச்சம். ஒருவர் போனால் மற்ற ஒன்பது பேருக்கும் இறுதி மேஜை. வேறு யாராவது போகட்டும் என்று வந்த சீட்டையெல்லாம் ஆடாமல் மடக்கினேன். சுற்றுக்குச் சுற்று கட்டாயமாக வைக்கவேண்டிய பந்தயச் சில்லே என்னைத் தின்று தீர்த்தது. பத்தாவதாக வெளியே. அன்றிலிருந்து அந்தப் பெயர்.

மார்ச் 7, சனி

பதிமூன்று வருடமாகக் கம்பெனியில் பாகங்களை அளந்து பார்க்கும் ஒரே வேலை, ஒரே விதி: அளவில் சந்தேகமா, பாகத்தைக் கழிவுக்கான சிவப்புத் தொட்டியில் போடு. இன்றைக்குத்தான் உறைத்தது. மேஜையிலும் அதையேதான் செய்திருக்கிறேன். மடத்தனம்.

முடிவு: ஐந்து சுற்றுக்கு மேல் சில்லு தாங்காது என்றால் காத்திருக்கக் கூடாது. சுமாரான சீட்டானாலும் மொத்தச் சில்லும் உள்ளே. எதிராளி பயப்படும் அளவுக்குச் சில்லு இருக்கும்போதே.

என் வீட்டுக்காரர் கேட்டார்: "தோத்துட்டா?"

"தோத்துட்டு வர்றேன். குந்திக்கினு கரைய மாட்டேன்."

மார்ச் 8, ஞாயிறு

கடற்காற்று. கண்ணெல்லாம் மணல். மதியம் மறுபடியும் பத்து பேர் மிச்சம், இரண்டு மேஜை. என் சில்லு நாலு சுற்றுக்குத்தான் வரும்.

பக்கத்து நாற்காலியில் ஒரு மீன் வியாபாரி. "எம்மா, கொஞ்சம் பொறு. அந்தாண்ட மேஜைல ஒருத்தன் போவப்போறான்."

அதே ஆசை எனக்கும். கையில் ராஜா, ஜாக்கி. எனக்கு முன்னால் எல்லோரும் மடக்கிவிட்டார்கள். சந்தேகம்தான். "ஆல்-இன்" என்று மொத்தச் சில்லையும் நடுவில் தள்ளினேன்.

அந்த மீன்காரரே எதிர்த்து வந்தார். அவர் கையில் ஆஸ், ஆறு; ஆஸ்தான் பெரிசு. நடுவில் விழுந்த ஐந்து சீட்டில் ராஜாவும் இல்லை, ஜாக்கியும் இல்லை. பத்தாவது.

"நான் சொன்னனே" என்றார்.

"நல்லா ஆடுங்க அண்ணாத்த."

செருப்பு மாட்டுவதற்குள் அந்தாண்ட மேஜையில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்திலேயே ஒருவர் போய்விட்டாராம். பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம் அழுதேன். அது முன்பே தெரிந்திருந்தாலும் தள்ளியிருப்பேன்.

மார்ச் 9, திங்கள்

காலை ஷிப்ட். டிபன் பாக்ஸ் மறந்தாச்சு. பஸ் ஏறியதும் குமார்.

"இன்னா ஆச்சு?"

"பத்து."

"திரும்பவுமா? பயந்துட்டியா?"

"மொத்தத்தையும் நானே நடுவுல தள்ளிட்டு வந்தேன். நீ எதயாவது அப்டி தள்ளிக்கீறியா?"

சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் குமார் தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நீட்டினான்.