பூஜ்யமாகிப்போன அட்டைகள்

3-2-97, திங்கள்
கண் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்து நான்கு மாதம். இன்னும் இரண்டு மாதம் தாண்டினால் நிரந்தரம்.

காரமடை, கிணத்துக்கடவு கிளைகளின் நோயாளிப் பட்டியலை ஆர்.எஸ்.புரம் தலைமை ஆபீஸ் பட்டியலோடு இன்று சேர்த்தோம். பழையதில் அட்டை எண் எழுத்தாகப் பதிந்திருக்கிறது. புதியதில் அதை எண்ணாக மாற்ற வேண்டும். கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் ரவிக்குமார் சார் ஒரே வரிக் கட்டளையில் மாற்றிவிட்டார்.

நடுவில் போன் அடித்தது. போனில் பேச எனக்குப் பயம்; வழக்கம்போல் தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய்விட்டேன்.

4-2-97
1,146 அட்டைகளின் எண் கெட்டுவிட்டது. பாதிக்குமேல் வெறும் பூஜ்யம். எண் இல்லாவிட்டால் அந்த ஆளின் பழைய சிகிச்சை விவரம் எதுவும் கிடைக்காது.

"கிணத்துக்கடவு ஜன்னத் பதிஞ்ச லட்சணம். சனிக்கிழமை வரச் சொல்லுங்க. இப்படி ஆள் நமக்கு வேண்டாம்" என்றார் சார்.

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? பயிற்சி வாரத்தில் தன் டிபனில் பாதியை என் பக்கம் தள்ளியவள் ஜன்னத்.

6-2-97
கெட்டுப்போனவற்றைப் பழைய பட்டியலிலிருந்து அச்சடித்துப் பார்த்தேன். எல்லாம் காரமடைப் பக்கத்து விலாசங்கள். காரமடை அட்டைகளைப் பதிந்தது நான்.

ஒவ்வொரு அட்டை எண்ணிலும் 1 வருகிறது. கீபோர்டைப் பார்க்காமல் 1045 என்று அடித்தேன். வலது மோதிரவிரல் தானாக 'எல்' எழுத்தின் மேல் போனது.

நான் டைப்ரைட்டிங் பழகிய பழைய மெஷினில் ஒன்றுக்கு விசையே கிடையாது. ஆங்கிலச் சின்ன 'எல்'லைத்தான் ஒன்றாக அடிப்போம். தாளில் வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டர், எழுத்து வந்த இடத்திலேயே எண்ணை நிறுத்திவிட்டிருக்கிறது.

பார்க்காமல் அடிப்பதில் எனக்கு எவ்வளவு பெருமை.

7-2-97
சொல்லவில்லை. இரண்டு தடவை சார் மேசைவரை போனேன் — திரும்பிவிட்டேன். சொன்னா வேலை போயிருமா? களை வெட்டுற காட்டிலெல்லாம் அம்மா "எம்புள்ள கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க"ன்னு சொல்லி வெச்சிருக்குது. சொல்லலீன்னா ஜன்னத்துக்குப் போயிரும்.

8-2-97, சனி
ஜன்னத் தன் கிளைப் பதிவேட்டை அணைத்தபடி வந்து நின்றாள். சார் வாயைத் திறக்குமுன் சொல்லிவிட்டேன்: "அது நானுங்க சார்." கீபோர்டைப் பார்க்காமல் 1045 என்று அடித்தே காட்டினேன்.

சார் ஜன்னத் பக்கம் திரும்பினார். "நாலு நாளா யாரைத் திட்டிட்டு இருந்தேன் பாருங்க. மன்னிச்சுக்கம்மா ஜன்னத்" என்றார். பிறகு என்னிடம், "இதை எப்படிச் சரி பண்றது?"

"மாத்தறதுக்கு முன்னாலயே, எண்ணோட எழுத்து கலந்தது எதெதுன்னு தனியா எடுத்துரலாமுங்க. 'எல்'லை ஒண்ணாக்கிப்போட்டு, மிச்சத்தைப் பதிவேட்டுல பாக்கலாமுங்க."

"அப்ப உக்காந்து செய்யுங்க."

என் வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஜன்னத், "ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த 'எல்' மேல ஒட்டு புள்ள. வெரலுக்குத் தட்டுப்படும்" என்றாள். ஒட்டினேன்.

12-2-97
1,146 எண்களும் காரமடைப் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றன.

7-4-97, திங்கள்
நிரந்தரக் கடிதம் கைப்பையில் இருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

கிணத்துக்கடவு கண்ணாடிப் பட்டியலை மாற்றும் வேலையை சார் என்னிடமே கொடுத்தார். முதலில் சோதித்தேன். ஏழு இடத்தில் எண்ணுக்குப் பதில் 'கேட்கணும்' என்று இருந்தது. நானே போனை எடுத்துக் கிளையைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, யாருங்க பேசறது?"

"ஹெட் ஆபீஸ் பொற்கொடிங்க."

"பொட்டு இன்னும் இருக்குதா புள்ள?" ஜன்னத் சிரித்தாள். பதிவேட்டைப் பார்த்து ஏழு எண்ணையும் படித்தாள்.

வைத்ததும் மறுபடி போன் அடித்தது. எடுத்தேன்.