பருத்திப் பாடம் நடந்த புதன்கிழமை

முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாசலில் கால் வைக்கும்போதே நீ அதைத்தான் கேட்பாய்.

பொன்னுத்தாய் இந்த ஆனி மாதத்திலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகிவிட்டாள். நானும் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு அவளோடு இந்த ஊருக்கு வந்துவிட்டேன். அவள் பெயரைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்து வந்தேன், எழுத்து திருத்தமாக இருந்தது. முத்து மதுரையில் போலீஸ் ஏட்டு. அவன் மூத்த பையன் மூன்றாம் பாரத்தில் கணக்கில் முதலாவதாக வந்து, வெள்ளைக்காரப் படம் போட்ட புத்தகம் ஒன்று பரிசு வாங்கியிருக்கிறான். பொன்னுத்தாயின் மகள் கமலா எட்டாம் வகுப்புப் பரீட்சையில் தேறி டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்துவிட்டாள். எந்தப் பள்ளி என்று கேட்கிறாயா? ஸ்ரீவில்லிபுத்தூரில் நீ படித்த அதே பள்ளிதான். நீலக்கரைச் சேலை கட்டிக்கொண்டு, கையில் நோட்டோடு நிற்கிற போட்டோவைத் தபாலில் அனுப்பியிருக்கிறாள்.

இதையெல்லாம் தெருவில் யாரைப் பார்த்தாலும் சொல்லுவேன். என் வாய் வலித்ததே இல்லை. உனக்கு எழுதும்போதுதான் கை நின்று நின்று போகிறது.

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து உன் தங்கை வந்திருந்தாள். போர்டிங்கில் உன் அறையை ஒழித்தபோது கிடைத்த டிரங்குப் பெட்டியில் இது இருந்ததாம். "அக்கா இதை உங்ககிட்டக் கொடுக்கச் சொன்னா" என்று ஒரு நோட்டை நீட்டினாள். காக்கி அட்டை போட்ட உன் பாடக்குறிப்பு நோட்டு. திறந்ததும் பழைய பருத்திக்கொட்டை வாசம் அடித்தது. நடுப்பக்கத்தில் ஒரு பருத்திச் சுளை, நசுங்கி மஞ்சளாகி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் அன்றைக்குப் படிக்கவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

ராஜபாளையத்துப் பெண்பிள்ளைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது. நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் படிப்பை முடித்தோம். அப்புறம் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள், உன்னைத் தேவதானத்தில். உன் வீட்டுக்காரர் காலராவில் போனபோது உனக்கு இருபத்தொரு வயசுகூட நிறையவில்லை. மாமியார் வீட்டில் உனக்கு என்று ஒரு பாய்கூட இல்லாமல் இரண்டு வருஷம் இருந்தாய். பொறவு உங்கள் வேதக்கோயில் பாதிரி ஐயர் கொடுத்த கடிதத்தோடு தனியாகப் புறப்பட்டு வந்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து எட்டாம் வகுப்புத் தேறினாய். அடுத்தது டிரெயினிங். எனக்கு உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. இப்போது மறைக்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமை மத்தியானம் போர்டிங்கில் இரண்டு மணி நேரம் வெளியே விடுவார்கள். நீ நேரே என் அடுப்படிக்கு வந்துவிடுவாய். அந்த வாரம் நடந்ததெல்லாம் வந்து கொட்டும். ஒருத்தி பாடம் நடத்தினால் மற்றவர்கள் பின்பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அவள் குறைகளை எழுத வேண்டுமாம். முடித்ததும் எழுந்து நின்று ஒவ்வொருவராக வாசிக்க வேண்டுமாம். "ஏட்டி, நேத்து எங்கூடச் சாப்பிட்டவ, இன்னிக்கு எந்திரிச்சு, 'இவர் கரும்பலகையை மறைத்துக்கொண்டு நின்றார், இவர் கேள்வியைக் கேட்டுத் தாமே பதிலும் சொன்னார்'னு வாசிக்கா. அவ மூஞ்சியைப் பார்க்கணுமே!" என்று நடித்துக் காட்டுவாய். நான் சிரித்துச் சிரித்துக் கொதிக்கிற உலையை மறந்துவிடுவேன்.

அப்புறம் என்னைப் பிள்ளையாக உட்கார வைத்துப் பாடம் நடத்திப் பார்ப்பாய். நான் டக்டக்கென்று பதில் சொன்னால் உனக்குக் கோபம் வரும்.

"நீ இம்புட்டு அறிவாப் பதில் சொன்னா நான் என்னத்தை நடத்த? தப்பாச் சொல்லுட்டி."

"தப்பாச் சொல்ல எனக்கு வராது."

"அதான் உன்னை அஞ்சாவதோட நிப்பாட்டிட்டாக!"

மழை எப்படி வருகிறது, ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் நான் தெரிந்துகொண்டது அந்த அடுப்படியில்தான். என் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் நீதான்.

கடைசிப் பரீட்சைப் பாடத்தை இன்ஸ்பெக்டரம்மா முன்னால் நடத்த வேண்டும் என்று வந்தது. உனக்கு விழுந்தது பருத்தி. "நம்ம ஊர்க்காரிக்குப் பருத்தி விழுந்தா அல்வா சாப்பிடுற மாதிரில்ல!" என்றேன். நீ சிரிக்கவில்லை. "இந்த டிரெயினிங் சீட்டு மட்டும் கைக்கு வந்துட்டா, எவ வீட்டுத் தட்டையும் நான் கழுவ வேண்டாம்" என்று சொன்னாய். அதைச் சொன்ன குரலை மறக்கமாட்டேன்.

புதன்கிழமை பாடம். முந்தின சனிக்கிழமை வந்து முழுவதையும் எனக்கு நடத்திக் காட்டினாய். ஒரு ஓலைப்பெட்டியில் வெடித்த காயை வைத்து மேலே துணி போட்டு மூடியிருக்கும். ஒரு பிள்ளை கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்க்கும். மெத்தென்று இருக்கிறது, உள்ளே கெட்டியாக இருக்கிறது, ஓடு குத்துகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். நீ கேள்வி கேட்டுக் கேட்டுக் கூட்டிப் போவாய். பெயர் கடைசியில்தான் பிள்ளைகள் வாயிலிருந்து வர வேண்டும். பொன்னுத்தாய்க்கு அப்போது ஒன்பது வயசு, டிரெயினிங்காரர்கள் பாடம் நடத்திப் பழகுகிற உங்கள் பள்ளியின் சின்ன வகுப்பில்தான் படித்தாள். நடத்திக் காட்டுவதற்கு முன்பே அவளைக் கொல்லைப்பக்கம் போய் விளையாடச் சொல்லிவிட்டாய். "அவ என் வகுப்புல உட்காரப் போற பிள்ளை. காதுல விழக்கூடாது. தெரிஞ்ச பிள்ளைக்கு நடத்துறது பாடம் இல்லை, வேஷம்."

நான் அதைக் கேட்டேன். நன்றாகவே கேட்டேன்.

திங்களும் செவ்வாயும் பொன்னுத்தாய்க்குத் தலை பின்னிவிடும்போது, நீ நடத்தியது முழுவதையும் ஒரு சொல் விடாமல் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். உனக்கு உதவி செய்கிறேன் என்றுதான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த இன்ஸ்பெக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்க வேண்டும். ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவளின் பிள்ளை என்று அந்தப் பள்ளிக்கூடத்துக்கே தெரிய வேண்டும். அந்த ஆசைதான். உன் பாடம் எனக்குப் போதவில்லை. அதோடு என் சரக்கையும் சேர்த்தேன். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டுக் குடித்தால் நெஞ்சுச்சளி இறங்கும் என்று எங்கள் அம்மா சொன்னதையும் பாடம் பண்ண வைத்தேன். கடைசியாக ஒன்று சொன்னேன்: "யார் கேட்டாலும் அம்மா சொல்லிக் கொடுத்தான்னு மட்டும் சொல்லிராதே."

புதன்கிழமை, மறந்துபோன சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வந்தவளைப் போல அந்தச் சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். தூக்கை மறக்க வைத்ததே நான்தான். பின்பெஞ்சில் உன் கூட்டாளிகள் நோட்டோடு இருந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா பக்கவாட்டு நாற்காலியில். நீ துணி மூடிய பெட்டியை மேசையில் வைத்தாய். "இதற்குள்ளே என்ன இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல யார் வருகிறீர்கள்?" என்றுதான் கேட்டாய்.

பொன்னுத்தாய் எழுந்தாள். வரவே இல்லை, இருந்த இடத்திலேயே நின்று தொடங்கிவிட்டாள். பருத்தி என்றாள். கரிசல் மண்ணில் விளையும் என்றாள். வெயிலில் வெடிக்கும், கொட்டையைப் பிரித்துப் பஞ்சை நூலாக்குவார்கள், நூலை நெய்வார்கள், நாம் உடுத்துவோம் என்று, நீ கரும்பலகையில் கடைசியாக எழுத வேண்டிய சுருக்கம் வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். நீ கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தாய். அவள் நிற்கவில்லை. பருத்திப்பாலும் கருப்பட்டியும் நெஞ்சுச்சளியும் வந்த பிறகுதான் நின்றாள். துணி இன்னும் பெட்டியின் மேலேயே கிடந்தது.

பின்பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடியைக் கழற்றத்தான் செய்தார்கள். "உனக்கு இதையெல்லாம் யார் சொன்னது?" என்று கேட்டார்கள். பிள்ளை சன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "டீச்சர் சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தாக" என்றாள்.

அது பொய் இல்லை. அதனால்தான் உன்னால் எதுவும் சொல்ல முடியவில்லை என்று இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பெரிய டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நீயும் அங்கே ஓரமாக நின்றாய். "உங்கள் வீட்டில் வைத்து இந்தப் பாடத்தை உங்கள் மகளுக்கு இவர் நடத்தினாரா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நான் அடுப்படியில இருந்தேம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். உண்மையைச் சொன்னால் பொன்னுத்தாயை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கிவிடுவார்களோ என்ற பயம். என் வீட்டுக்காரர் காதுக்குப் போகுமோ என்ற பயம். எல்லாம் காரணம்தான். ஆனாலும் நான் சொன்னது அதுதான். நீ என்னைப் பார்க்கக்கூட இல்லை. சன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

புத்தகப் பரீட்சையில் நீதான் முதல். செய்முறைப் பாடத்தில் தேறவில்லை. பிள்ளைகளை முன்கூட்டியே பழக்கிப் பரீட்சையை ஏமாற்றினவள் என்று மறுவருஷம் சேரவும் இடம் தரவில்லை. டிரங்குப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாய். "விடுட்டி, நான் அன்னிக்குக் கொஞ்சம் பதறிட்டேன்" என்று என்னைத் தேற்றினாய்! நானும் தேறிக்கொண்டேன், பார். வெட்கம் இல்லாமல் தேறிக்கொண்டேன்.

மம்சாபுரம் பள்ளிக்கூடத்தில் டிரெயினிங் இல்லாத டீச்சராக உன்னை வைத்துக்கொண்டார்கள். டிரெயினிங் முடித்தவள் யாரும் கிடைக்காத வரைக்கும் என்று. ஒவ்வொரு ஆனியிலும் யாராவது வந்துவிடுவார்களோ என்று நீ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் அறிவேன். பத்து வருஷத்துக்கு மேல் யாரும் வரவில்லை. கடைசியில் ஒருத்தி வந்தாள். டிரெயினிங் முடித்து, சர்ட்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தாள்.

என் பொன்னுத்தாய்.

வேறு ஊர் கேட்டு வாங்கு என்று நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வாரம் தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தேன். நீ ஆஜர் பட்டியலையும் சாக்குக்கட்டிப் பெட்டியையும் அவள் கையில் ஒப்படைத்தாயாம். "உங்க அம்மாட்டச் சொல்லு, பிள்ளை நல்லா வந்திருக்குன்னு" என்றாயாம். அவள் வந்து அதைச் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்தது.

அதற்குப் பிறகு நீ அன்றைக்குத் தங்கிப் படித்த அதே போர்டிங்குக்குச் சமையல் மேற்பார்வைக்குப் போனாய். எவ வீட்டுத் தட்டையும் கழுவ வேண்டாம் என்று சொன்னவள், டிரெயினிங் பிள்ளைகளின் தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டு இருந்தாய். போன பங்குனியில் போய்ச் சேர்ந்துவிட்டாய். அடக்கத்துக்கு வந்தேன். ஓரமாக நின்றேன். ஓரமாக நிற்க எனக்கு நன்றாகவே வரும்.

நேற்றுத்தான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். உன் மணிமணியான எழுத்தில் பாடம் முழுவதும் இருக்கிறது. குறை எழுதுகிற பத்தியில் இன்ஸ்பெக்டரம்மாவின் சிவப்பு மை: 'முன்கூட்டியே கற்பிக்கப்பட்ட பாடம்.' அதற்குக் கீழே பென்சிலால் நீ எழுதியிருக்கிறாய்: 'பருத்திப்பால் என் குறிப்பில் இல்லை.'

அவ்வளவுதான். வேறு ஒரு எழுத்து இல்லை.

அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளை வாயில் பருத்திப்பால் வந்த உடனே, அது யார் வீட்டுச் சரக்கு என்று நீ கண்டுகொண்டாய். உன் காய்ச்சலுக்கு எங்கள் அம்மா அதைக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள் அல்லவா? பெரிய டீச்சரம்மா முன்னால் இந்த நோட்டை விரித்து, இந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தாலே உன் பெயர் தப்பித்திருக்கும். நோட்டு உன் கையில்தான் இருந்தது. நீ நான் சொல்வேன் என்று காத்திருந்தாய்.

பொன்னுத்தாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே வாசித்தாள்.

"எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கும்மா" என்றாள்.

"ஏட்டி, ஒரு நாளும் நீ சொல்லலியே?"

"நீதானே சொல்லாதேன்னு சொன்னே."

பலகையில் பெயர் எழுதின ஹெட்மிஸ்ட்ரஸ் அவள். ஒன்பது வயசில் நான் போட்ட பூட்டை இன்னும் வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கமலாவைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறேன். இப்போது இருக்கிற பெரிய டீச்சரம்மாவுக்கு உன்னைத் தெரியாது, சமையலறையில் இருந்தவள் என்றுதான் தெரியும். அவர்களிடம் இந்தப் பக்கத்தை விரித்து வைத்து, அன்றைக்குச் சொல்லாததைச் சொல்லப் போகிறேன். கமலாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. இதனால் உனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். சர்ட்டிபிகேட்டை அடக்கக் குழியில் கொண்டுபோய் வைக்கவா போகிறார்கள்?

உன் வகுப்புக் குரூப் போட்டோ ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதிலும் நீ சிரிப்பை அடக்க முடியாமல் அசைந்துவிட்டாய். பின்வரிசையில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகைதான் இருக்கிறது. கமலாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். அங்கே படம் பிடிக்கிறவர் யாராவது இருந்தால், புதிதாக ஒன்று எடுத்து எனக்குத் தபாலில் போடு. இந்தத் தடவை அசையாமல் நில். எனக்காகச் சிரிக்க வேண்டாம். பெரிய டீச்சரம்மா அறையில் நீ பார்க்காமல் விட்ட பார்வை ஒன்று இருக்கிறதே, அதை நேரே என்னைப் பார்த்துப் பார்.