இரண்டாவது கைதட்டல்

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

நானும் நம் வாலுப்பெண்ணும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நோயாளிகளைத் தனியாகத் தூக்காதே என்றால் நீ கேட்கவா போகிறாய்.

ஃபோனில் பேசினால் வாலு காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். சென்ற மாதம் நர்சரி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். சறுக்குமரத்தில் முன்னால் நிற்பவர்களைத் தள்ளிவிடுகிறாள், சொன்னதைப் பாதியில் மறந்துவிடுகிறாள், ஒரு மாதத்துக்குள் மாறாவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்றார். வேறு இடத்துக்கு நான் எங்கே போவேன்? வேலையை விட வேண்டியதுதான். நாலு வயதில் மண்டைக்குள் பிரேக் இன்னும் சரியாகப் பிடிக்காதாம், விளையாட்டாகத்தான் பழக்க வேண்டுமாம்.

அப்படி அவரே சொல்லிக்கொடுத்ததில் ஒன்று சிலை விளையாட்டு. ஒருமுறை கை தட்டினால் சிலையாக நிற்க வேண்டும். மறுபடி தட்டினால்தான் அசையலாம். முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் மூக்கைச் சொறிந்தாள். பிறகு பத்து, முப்பது என்று ஏறியது. காலையில் எதையும் மறக்காமலிருக்க ஷூ, பை, தண்ணீர் பாட்டில் என்று வரிசையாக வரைந்து கதவில் ஒட்டினேன். ஷூவைப் பார்த்து, இது படகாப்பா என்று கேட்டாள்.

போன வியாழக்கிழமை கடையில் ஏழு தையல் மெஷின்களைக் கழற்றி மாட்டிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு வீடு வந்தேன். ஷூ கழற்றிக்கொண்டிருந்தவள் விளையாடலாம் என்றாள். கை தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன், கண் அசந்துவிட்டது. விழித்தபோது இருபது நிமிடம் ஓடியிருந்தது. ஒரு காலில் ஷூவோடு அதே இடத்தில் நின்றிருந்தாள். கவுன் நனைந்திருந்தது. ஏன் செல்லம் நகரவில்லை என்றேன். நீ இன்னும் தட்டலியேப்பா என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதும் அவள் அசையவில்லை. நான் கை தட்டிய பிறகுதான் மடியில் வந்து ஏறினாள்.

டீச்சரிடம் இதைச் சொல்லவில்லை. நேற்று சறுக்குமரத்தில் இரண்டு பேருக்கு வழிவிட்டாளாம், இங்கேயே இருக்கட்டும் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் நீ வரும் தேதியை மூன்றாம் முறையாகத் தள்ளிப்போட்டபோது, அவள் முன்போல ஃபோனைத் தூக்கி எறியவில்லை, கவனித்தாயா? சரிம்மா என்று சொல்லிவிட்டுப் படம் வரையப் போய்விட்டாள். கெட்டிக்காரி என்று நீ மெச்சினாய். எனக்கு அந்த வியாழக்கிழமைதான் ஞாபகம் வந்தது.

உன்னைக் குறை சொல்லவில்லை. அங்கே நீ படும் பாடு எனக்குத் தெரியும். நானும் ரொம்பக் களைத்துப்போயிருக்கிறேன். லீவு கிடைக்காது என்றால், கிடைக்காது என்றே அவளிடம் சொல்லிவிடு. அழட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் கொஞ்சம் பொறு என்று மட்டும் சொல்லாதே. அவள் பொறுத்துக்கொண்டே நிற்பாள்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் மெஷின்காரன்