எந்த நாள் ஒன்று?

அன்புக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, அப்பா அதற்கு ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பெரிய மெக்கானிக் மாதிரி நடமாடுகிறார். இதையெல்லாம் போனில் சொல்லிவிடலாம், ஆனால் இப்போது சொல்லப்போவதைச் சொல்ல முடியாது. உன் குரலைக் கேட்டால் பாதியில் குழாய்க்கே திரும்பிவிடுவேன்.

போன வாரம் ஒரு மகப்பேறு மருத்துவர் எங்கள் அச்சகத்தில் துண்டுப் பிரசுரம் ஒன்று அச்சடிக்கக் கொடுத்தார். குழந்தைக்கு முயல்கிறவர்கள் கருத்தரிக்கும் நாட்களைக் கணக்கிடுவது எப்படி என்று அதில் இருந்தது. மெய்ப்புப் பார்க்க என் மேசைக்கு வந்தது. ‘மாதவிலக்கு தொடங்கிய நாளை ஒன்று என எண்ணவும்’ என்று ஒரு வரி. ஆகா, பிழையைப் பிடித்துவிட்டேன் என்று ‘தொடங்கிய’வைச் சிவப்பு மையால் அடித்து ‘நின்ற’ என்று எழுதி, ஓரத்தில் ‘பொருட்பிழை’ என்று வேறு குறித்துவிட்டேன். மறுநாள் அந்த மருத்துவரே வந்துவிட்டார். “யாரும்மா இங்க எனக்கே பாடம் எடுத்தது?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பக்கம் வடிவமைக்கும் பெண் எனக்காக வக்காலத்து வாங்கினாள். “டாக்டர், எங்க அக்கா காலண்டர்ல ஒரு செவ்வாய்க்கிழமை காணாமப் போனாலும் கண்டுபிடிச்சிருவாங்க. அவங்க கணக்கு தப்பவே தப்பாது.” நான் கையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், குட்டி. பதினாலு மாதமாக உனக்குக் காலண்டர் தாளில் வட்டம் போட்டு அனுப்பியது இந்தக் கைதானே.

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். உதிரம் தொடங்கும் நாள்தான் ஒன்று. பதினாலாம் நாள் என்பது எல்லாருக்கும் பொது இல்லை. அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் பதினாலு நாள் முன்னால்தான் கருமுட்டை வெளிவரும், அதுவும் ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் முன்பின் ஆகும். முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும், விந்து ஐந்து நாள் வரை தாங்கும். அதனால் முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் வாய்ப்புள்ளவை. வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, இழுத்தால் நீளுவதாக இருந்தால் அந்த நாட்கள் வந்துவிட்டன என்று அர்த்தமாம். உடம்புச் சூடு லேசாக ஏறுவது முட்டை வந்த பிறகுதான், அதைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் பெரும்பாலும் தாமதமாகிவிடும். மருந்துக் கடையில் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டையும் கிடைக்கிறதாம்.

வீட்டுக்கு வந்து உன் தேதிகளை எடுத்து வைத்துக்கொண்டேன். உனக்கு இருபத்தாறு நாளுக்கு ஒரு முறை, ஆறு நாள் உதிரம். பதினாலைக் கழித்தால் பன்னிரண்டு. ஏழிலிருந்து பன்னிரண்டு வரைதான் உன் நாட்கள். நான் உதிரம் நின்ற ஆறாம் நாளை ஒன்றாக வைத்துப் பதினாலு எண்ணி வட்டம் போட்டதோ பத்தொன்பது. முழுசாக ஒரு வாரம் தள்ளி. மாப்பிள்ளை வெளியூரில் லிப்ட் பழுது பார்க்கிற வேலையை விட்டு அந்த ஒரு நாளுக்காக லீவு போட்டு ஓடி வந்திருக்கிறார், மாதா மாதம். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், மூன்று முறையும் பத்தொன்பதுதான் வந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “நீ அவளுக்கு அம்மாவா, தாசில்தாரா? அவ உடம்புக்கு நீ ஏன் தேதி குறிக்கிற?” என்றார். முதல் மாதமே அவர் கேட்ட கேள்விதான் இது, அன்றைக்கு அவர் வாயை அடைத்துவிட்டேன்.

தேதி தப்பியதைக் கூட நீ மன்னித்துவிடுவாய். ஒவ்வொரு மாதமும் நீ போனில் “இல்லம்மா” என்று சொல்லும்போது நான் பேசிய பேச்சு இருக்கிறதே. “விடிகாலை மூணு மணிக்கு எழுந்து பேக்கரி அடுப்புக்கு முன்னால நின்னா எப்படிடி தங்கும்?” என்று கேட்டேன். இரண்டு மாதம் கழித்து வேலையை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னாய், நான் நல்லதாய்ப் போச்சு என்றேன். உன் கை ரொட்டி மாவு எப்போது எழும் என்று தொட்டே சொல்லுமே, அந்தக் கையைச் சும்மா இருக்க வைத்தவள் நான். அடுப்பின் மேல் பழி போட எனக்கு யார் சொன்னது? தப்பு என் எண்ணிக்கையில் இருந்தது.

என் கணக்கு சரியாக இருந்திருந்தாலும் குழந்தை கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஒரு வருடம் தாண்டிவிட்டதால் இரண்டு பேரும் சேர்ந்தே ஒரு மருத்துவரைப் பாருங்கள். நீ மட்டும் போய்ப் பயனில்லை, மாப்பிள்ளைக்கும் பரிசோதனை உண்டு. கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டு, லீவுக்காக அம்மா மன்னிப்புக் கேட்டாள் என்று சொல். குழந்தை வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் நீ எனக்குக் குறைந்துபோக மாட்டாய். இதைப் பதினாலு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். பேக்கரிக்காரர் உன்னைத் திரும்பக் கூப்பிட்டதாக மாப்பிள்ளை அப்பாவிடம் சொன்னாராம், என்னிடம் நீ சொல்லவில்லை. போய்விடு குட்டி.

நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் சிரிப்போடும் இருக்க வேண்டும். நான் அனுப்பிய பழைய தாள்களை மறக்காமல் கிழித்துப் போடு. அடுத்த வருடக் காலண்டர் இதோடு வருகிறது, மெய்ப்பு நான்தான் பார்த்தேன், செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் இருக்கின்றன. எந்த நாளிலும் வட்டம் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா